கிணறு இருந்த இடம்

எங்கள் வேளாண் கல்லூரிக்குப் பயிற்சிப் பண்ணையாகக் கிடைத்தது, நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடித்துவிட்டு மறுபடி மண் கொட்டி நிரப்பிய மேடு. அதற்கு வரைபடம் போடும் பொறுப்பு எனக்கு. மழைநீர் ஓடிவிடாமல் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள், வரப்பின்மேல் வெட்டிவேர், காற்றைத் தடுக்க வேம்பும் புங்கமும், தாழ்வான மூலையில் ஒரு குட்டை. தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

கன்று நட வந்த கான்ட்ராக்ட் பெண்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். கூடையோடு நேராக நடந்து வருவார். மூன்றாவது வரப்புக்கு அப்பால் ஓர் இடத்தில் மட்டும் அரைவட்டமாக விலகிப் போவார். அங்கே வெறும் மண்தான். நாலு நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அங்க எங்க கெணறு இருந்துச்சிங்க மேடம்."

"அக்கா, இது மொத்தமா தோண்டி எடுத்த இடம். இந்த மண்ணே வேற எங்கேர்ந்தோ வந்தது."

"தெரியுங்க. ரோட்டுக்கு அந்தாண்ட ரெண்டு பனமரம் இருக்குல்ல? கெணத்தாண்ட நின்னாதான் ஒண்ண ஒண்ணு மறைக்கும். என் தங்கச்சி தண்ணி எறைச்சிகினு இருந்தா. நான் வூட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள உள்ள வுழுந்துட்டா."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தப் பக்கம் ஒரு கிணறு வந்துச்சும்மா. செங்கல் சுவரும் மண்ணுமா என் மிஷின் பக்கெட்ல ஏறுச்சு. ஷிப்ட்ல எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அப்புறம் வேலையைப் பார்த்தோம்."

அதன்பிறகு பண்ணையில் தனியாக அளவெடுக்க என்னால் முடியவில்லை. ஆளில்லாத மதியங்களில் வாளி சுவரில் இடிப்பதுபோல் கேட்கும். திரும்பினால் தூரத்தில் சுரங்கத்து மண் ஏற்றிய கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அந்த இடம் உள்வாங்கியிருந்தது. முழங்கால் ஆழம், ஏறக்குறைய வட்டம். கொட்டிய மண் மழையில் இறங்கும் என்பது மாணவர்களுக்கு நானே நடத்திய பாடம். ஆனாலும் சற்றுத் தள்ளியே நின்றேன். அக்கா விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மண் போட்டு நிரப்பிவிடலாமா என்று கேட்டேன்.

"ஒரு தடவ நெரப்பிட்டாங்களே, போதுங்க. சுத்தி வேலி மட்டும் போட்டுடுங்க. புள்ளைங்க வர்ற எடம்."

வரைபடத்தைத் திருத்தினேன். மூலையில் இருந்த குட்டை அங்கே வந்தது. முதல் வேலையாக வேலி போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். வேலியோரம் அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதானா?" என்றார் அப்பா மெதுவாக. தலையாட்டினேன். இரண்டடி முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்பாங்களா மேடம்? வெயில்ல நிக்கிறாரே, கொட்டாய்க்கு வரச் சொல்லுங்க."

அப்பா கைகூப்பினார். பதிலுக்கு அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். ஸ்கூட்டரில் ஏறியதும், "அந்தக் கிணத்தை வெட்டி எடுத்தது என் மிஷின்னு அவங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அப்பா.