ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மழை

எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூட முற்றத்தில்தான் மழைமானி இருக்கிறது. அங்கே டீச்சராக வந்ததிலிருந்து அதை அளப்பதும் என் வேலை. காலை ஏழு மணிக்கு அதன் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுதுவேன். மூணாறு மழையில் பாட்டில் நிரம்பி வழிந்த நாட்களும் உண்டு.

என் மகள் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் எண்களுக்குத் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டாள். போன வருடம் அவளுக்கு முதல் பெரிய வேலை வந்தது. மலை எஸ்டேட்டுகளின் மழையை மாதவாரியாகக் கூட்டித் தரும் புரோகிராம். அது சரியாக அமைந்தால் புரோகிராம் எழுதும் வேலையிலேயே வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மறுபடி துளை போடப் போக வேண்டும்.

அதைச் சோதிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கற்பனையாக ஒரு மாத மழையைச் சில அட்டைகளில் குத்துவாள். கடைசி அட்டையில், கையால் போட்ட விடை இருக்கும். கம்ப்யூட்டர் தானே கூட்டி, அந்த விடையோடு ஒப்பிட்டு, ஒத்துவராததை மட்டும் தாளில் அச்சடிக்கும். புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் அத்தனை சோதனைகளையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். அந்தச் சோதனைகளை அவள் என்னிடம்தான் கேட்டாள். "நீதான் எதுக்கும் பயப்படுவியே. என்னென்ன தப்பா நடக்கும்னு யோசிச்சு எழுதி அனுப்பு" என்று கடிதம் வந்தது. அளந்த தேதியிலேயே மழையை எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது.

பயப்படச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. மழையே இல்லாத மாதம், ஞாயிற்றுக்கிழமை அளக்காமல் விட்டது, பிப்ரவரி இருபத்தொன்பது, பாட்டில் வழிந்த நாள் என்று பத்துச் சோதனைகளை விடையோடு எழுதி அனுப்பினேன்.

ஒன்பது சரியாக வந்தன. ஒன்று வரவில்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி இரவு முழுக்கப் பெய்த மழையை, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை அளந்தது. என் விடையைவிட ஜூலைக்கு மூன்று அங்குலம் குறைகிறது என்று எழுதியிருந்தாள். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் விடைதான் அதில் இருந்தது. மெஷினைத் திருத்து என்று பதில் போட்டேன்.

அவளும் திருத்தினாள். அந்தப் பதிவேட்டில் நான் தப்புச் செய்து அவள் பார்த்ததில்லை. ஒரு வரியை மாற்றி எல்லாச் சோதனைகளையும் ஓட்டினால், முன்பு ஒன்று தவறிய இடத்தில் ஆறு தவறின. அந்தத் தாளை அவளுடைய மேலதிகாரியும் பார்த்துவிட்டார். சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பதிவேட்டோடு வரும்படி தந்தி வந்தது.

மறையூர், உடுமலை வழியாகப் பஸ் மாறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர்மீது புகார் சொல்வதற்காகவே வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். பிள்ளை சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருக்க, அவள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, ஒண்ணாந்தேதி காலையில அளந்தத எந்தத் தேதியில எழுதியிருக்க?"

"முந்தின நாள்ல. மழை அன்னைக்குத்தான பெய்ஞ்சது?"

"நான் அளந்த தேதின்னு எழுதுனேனே."

எழுதியிருந்தாள்தான். மற்ற ஒன்பதும் நானே இட்டுக்கட்டிய எண்கள். அவள் சொன்னபடியே கூட்டினேன். இது மட்டும் உண்மையாகப் பெய்த மழை என்பதால், கூட்டாமல் பதிவேட்டு மொத்தத்தை அப்படியே எழுதிவிட்டேன். பதிவேட்டு மொத்தம் எஸ்டேட் வழக்கப்படி போட்டது. தப்பு என்னுடையது, பிள்ளைமேல் எதுவும் இல்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன்.

அவர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஏனுங்க டீச்சர், மலையில எல்லா எஸ்டேட்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் முந்தின நாள்லதாங்க எழுதுவாங்க."

அவர் மகளைப் பார்த்தார். "அப்ப அத்தனை ரெஜிஸ்டரும் ஒரு நாள் முந்தின தேதியிலதான் நமக்கு வருமாட்ட இருக்குது. இதக் கேக்காம நாம கூட்டியிருப்போம்." சனிக்கிழமை வேண்டாம், இன்னும் பத்து நாள் எடுத்துக்கொள் என்றார்.

அவள் மாற்றிய வரியைப் பழையபடி வைத்தாள். ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் முதலில் ஓர் அட்டை, அங்கே எந்தத் தேதியில் எழுதுவார்கள் என்று சொல்வதற்கு. என் தப்பான விடையை அவள் தூக்கிப் போடவில்லை. எஸ்டேட் வழக்கம் என்ற அட்டையை அதன் முன்னால் சேர்த்ததும் அதுவும் சரியாகிவிட்டது. அவள் இப்போது புரோகிராம் எழுதும் வேலையில்தான் இருக்கிறாள்.

ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று பஸ் கிடைக்காமல் போயிருந்தால் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அதை அவளிடம் சொன்னேன்.

"அந்தப் பயத்த என்கிட்ட அனுப்பாத, அதுக்கு அட்டை கிடையாது" என்று சிரித்தாள். "மழையப் பத்தி இருந்தா மட்டும் அனுப்பு."

நேற்று நான்கு அனுப்பினேன்.