நடுவில் சொருகிய ஒரு வரி

சாதிக் பாய் போய்விட்டார். இன்று மதியம் கோட்டக்குப்பத்தில் அடக்கம்... மண் போட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்து ஃபேஸ்புக்கைத் திறந்தால் எங்கள் பழைய மேனேஜரின் பதிவு. "அருமையான ப்ரோக்ராமர், என் கூடப் பிறக்காத தம்பி"யாம். பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. கையில் ஒரு பட்டன் போன், அதில் பாய் எழுதிய ஆப்.

போனில் இடம் கம்மி. அதனால் பதிலை எழுத்தாகச் சேமிக்காது. வரிசையில் எத்தனையாவது பதில் என்ற எண் மட்டும்தான். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் ஒன்று. காணவில்லை, இரண்டு. இறந்துவிட்டார், மூன்று.

குப்பத்தில் போய்க் கேட்டால் பாதிப் பேர் "கடலுக்குப் போயிருக்காரு" என்றார்கள். மீன் பிடிக்கப் போன ஆளை எதில் போடுவது? அதற்கும் ஒரு வரி வேண்டும் என்று கேட்டோம்.

மேனேஜர் அதை இரண்டாவதாகப் போடச் சொன்னார்.

"சார், கடைசியில போட்டுடலாம். நடுவுல சொருகினா ஏற்கெனவே சேவ் ஆனதெல்லாம் மாறிடும் சார்" என்றார் பாய்.

"செத்தவங்களுக்குக் கீழ மீன் பிடிக்கப் போனவனா? பாக்க நல்லாவா இருக்குது? சொன்னதைச் செய்யுய்யா."

செய்தார். பழைய எண்கள் அப்படியே இருந்தன, அர்த்தம் மாறிவிட்டது. செத்தவர்கள் காணாமல் போனார்கள். காணாமல் போனவர்கள்... கடலுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கணக்கு அப்படியே மேலே போனது.

அஞ்சலை அக்காவின் புருஷனை அலை கொண்டுபோய் மாசக்கணக்காகிவிட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை. இது எதுவும் தெரியாமல், சரிபார்க்கப் போன நான் போனில் இருந்ததை வாசித்தேன். "உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காருன்னு இருக்குதுக்கா. சரிதானே?"

அக்கா மீன் கூடையைக் கீழே வைத்தார். "ஆமாம்பா. எப்ப கரைக்கு வர்றாருன்னு அதுலயே பாத்துச் சொல்லு. உலை வெக்கணும்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

அலையில் புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்குத் தரும் புது வீட்டு லிஸ்ட்டிலிருந்தும் அக்கா பெயர் போயிருந்தது. புருஷன்தான் உயிரோடு கடலில் இருக்கிறானே!

விஷயம் வெளியே வந்ததும் ஆபீஸில் எல்லாருக்கும் மெயில். ப்ரோக்ராமரின் அலட்சியமாம். பாயை அன்றே தூக்கினார்கள். மேனேஜருக்கு ப்ரமோஷன். தூ!

மறுநாள் பார்த்தால் பாய் பைக்கில் மரக்காணம் வந்து நிற்கிறார். உப்பளத்து ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் போன்களை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் மாட்டி, பழைய பதிவுகளின் எண்களை மட்டும் திருத்தினார்.

"வேலையை விட்டுத் தூக்கிட்டானுங்க, உங்களுக்கு எதுக்கு பாய் இந்த வேலை?"

"அந்தம்மாவுக்கு வீடு போயிடும்யா."

சாயங்காலம் அக்காவிடம் போய், "என் தப்புதாம்மா" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். அடுத்த லிஸ்ட்டில் அக்கா பெயர் வந்தது.

அதற்குப் பிறகு பாய் ஒரு ப்ரோக்ராம்கூட எழுதவில்லை. ரீசார்ஜ் கடை வைத்தார்... கடைசிவரை அந்தக் கடைதான்.

இன்று அவர் மகள் ரெஹானா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அங்கிள், அத்தா ஏன் கம்ப்யூட்டர் வேலையை விட்டாங்க? கேட்டா, 'நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், ஒரு அம்மா மனசை நோகடிச்சிட்டேன்'னு மட்டும்தான் சொல்வாங்க."

இத்தனை வருஷமா... பெற்ற பிள்ளையிடம்கூட...

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ரெஹானா, இதைப் படிம்மா. உங்க அத்தா அந்தத் தப்பைப் பண்ணல. வேணாம்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

போய்ட்டு வாங்க பாய்.