குழந்தையின் முதுகில் அடித்த தந்தி

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த என் மைத்துனர் சட்டென்று எழுந்து வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. "மாப்பிள்ள, புள்ளை முதுகுல என்ன அடிக்கிறீங்கன்னு தெரியுதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுக்களையிலிருந்த தன் தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இமீடியட்லி. மூணு தரம் அடிச்சிட்டீங்க."

தாயார் காலமானார், உடனே புறப்படு என்று அர்த்தம். வேறு எந்த வீட்டிலும் யாருக்கும் அது விளங்கியிருக்காது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தந்திக்காரர்கள் இருந்தோம். கண்டோன்மென்ட் தந்தி ஆபீசில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தந்தியில் ஒவ்வொரு எழுத்தும் சில குட்டைத் தட்டு, சில நெட்டைத் தட்டு, அவ்வளவுதான். சில வருஷம் பழகினால் காது கேட்கும், கை எழுதும், கை தானே திருப்பியும் அடிக்கும். நடுவில் மனசு என்று ஒன்று தேவைப்படாது. ஆபீசிலேயே வேகமான கை என்னுடையது. அதனால் செய்தி அதிகமாக வருகிற மெட்ராஸ் கம்பியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்த வயதிலும் அது குறைந்தபாடில்லை.

முதல் யுத்தம் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் வந்த வருஷம் அது. ஆபீசில் பாதிப் பேர் படுத்துவிட, மிச்சப் பேர் இரட்டை வேலை பார்த்தோம். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை சாவுச் செய்திதான். அம்மா போனாள், அண்ணன் போனான், குழந்தை போயிற்று. எழுதி, மடித்து, சேவகன் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் காதைக் கொடுப்பேன். நான் ஒரு நாளும் அழவில்லை. ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்துக்கொண்டேன். சோறு ருசிக்கவில்லை, மனைவி கையிலிருந்து டம்ளர் நழுவினால்கூட எரிந்து விழுந்தேன். அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மைத்துனர் என்னை அல்சூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். "நாளைக்கே தந்தி மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"சொன்னா பைத்தியம்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மச்சான். வேலை போயிடும்."

அவர் கோட்டுப் பையிலிருந்து தன் வலது கையை வெளியே எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக அவர் அந்தக் கையைப் பையிலேயே வைத்திருந்தார். கோயிலில்கூட. துரையாகிவிட்டார் என்று நான் கேலி செய்திருக்கிறேன். "எனக்கும் இதே கதிதான். பூசை நடக்கறப்பவே பெஞ்சு கட்டையில அடிச்சிட்டேன். அன்னையிலேருந்து கைய வெளிய விடறதில்ல."

"ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அசராம உக்காந்திருந்தீங்களே! நான் மட்டும் முடியலன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அவமானமாக இருந்தது. என் வீறாப்பு எனக்கு மட்டும் கேடு என்றால் போகட்டும். அது பக்கத்து நாற்காலிக்காரர் வாயையும் அல்லவா அடைத்திருக்கிறது!

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே மாஸ்டர் முன்னால் போய் நின்றோம். முன்கோபக்காரர். "என் கை என் பேச்சைக் கேட்க மாட்டேனென்கிறது, சார்" என்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானமே ஒரு ஏற்பாடு வந்தது. சாவுச் செய்தி ஐந்து எடுத்தவன் எழுந்துவிட வேண்டும். அடுத்தவன் அங்கே உட்கார வேண்டும். எழுந்தவனுக்கு ஒரு மணி நேரம் பட்டாளத்துச் சாமான் கம்பி. ஏன் எழுந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கோதுமை மூட்டையும் குதிரைத் தீனியும் இவ்வளவு இனிமையான சமாசாரங்கள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மெட்ராஸ் கம்பியில் இன்னொருவன் உட்காருவதைப் பார்த்து இரண்டு நாள் வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் நன்றாகப் பசித்தது. சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகாமல் பரேடு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவோம். ஆபீஸ் பேச்சு எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம்.

ஆனால் குழந்தையை மட்டும் நான் தொடவில்லை. வாரக்கணக்கில் தொடவில்லை. அவள் கையை நீட்டினால் எதையாவது தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். கடைசியில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். "புள்ளைக்கு இங்கிலீசும் தெரியாது, தந்தியும் தெரியாது. அதுக்கு அப்பா கை தெரியும், அவ்வளவுதான்" என்றாள். சரியான பேச்சுதான். இருந்தும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது இன்னொரு யுத்தமும் முடிந்துவிட்டது. எனக்கு பென்ஷன். அந்தக் குழந்தை பள்ளிக்கூட டீச்சர். அவள் புருஷன் தொழிற்சாலையிலிருந்து பேயடித்த முகத்தோடு வருகிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, சமாளிச்சுக்கறேன்" என்கிறார். சமாளிக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்து மிஷின்காரனிடம் முதலில் சொல்லிப் பாருங்கள், அவனும் கையைப் பைக்குள் வைத்திருப்பான் என்று சொன்னேன். சிரித்தார். நான் விடவில்லை, உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னேன்.

அதன் முடிவு இது. காய்ச்சல் ஓய்ந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மைத்துனர் குழந்தையைத் தூக்கி வந்து, கேட்காமலே என் தோளில் போட்டார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "தட்டுங்க மாப்பிள்ள. நான் கேக்கறேன்."

தட்டினேன். ரொம்ப தூரத்துக் கம்பியைக் கேட்பவர் போல அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். என் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"ஒரு எழுத்துகூட இல்ல மாப்பிள்ள. வெறும் தட்டுதான்."

குழந்தை எப்போதோ தூங்கிவிட்டிருந்தாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.