எழுநூறு நாள் முட்டைக்கோஸ்

இரண்டு மாதமாக இந்த விஷயத்தை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். எனக்கு அது லேசான காரியமில்லை என்று வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஏன் அடக்கினேன், இப்போது ஏன் அவிழ்க்கிறேன்... கடைசியில் சொல்கிறேன்.

திருப்பதியிலிருந்து டாக்டர் கோவிந்து ஒரு கார்டு போட்டிருந்தான். 'உடனே வா.' சித்தூரில் காலை பஸ்ஸைப் பிடித்துப் போனேன். நானும் அவனும் இருபது வருஷத்துக்கு முன்பு ஸ்காட்லாந்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். அவனுக்கு மருத்துவத்தில் மேல்படிப்பு, எனக்கு வாத்தியார் படிப்பு.

வீட்டில் பெரிய பஞ்சாயத்து! மகள் ருக்மணிக்கு லண்டனில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உலக யுத்தம் முடிந்து கப்பலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் தாயார் பத்மா அனுப்ப மாட்டேன் என்கிறாள். திருமலைக் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம் அது. வாசப்படிக்குள் முட்டைகூட நுழையாது. அங்கே போய்ப் பெண் எதைச் சாப்பிடுவாள்? மறுநாளைக்குள் பதில் போகாவிட்டால் இடம் போய்விடும். ருக்மணி கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீங்க வேதக்காரரு, பொய் சொல்ல மாட்டீங்க. உள்ளதச் சொல்லுங்க. அங்க இவரு சுத்தமா இருந்தாரா?”

கோவிந்து கூரையைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷம் என் பக்கத்துல ஒக்காந்துகினுதாம்மா துன்னான். கோசும் உருளைக்கெழங்கும் தவிர அவன் தட்டுல நான் ஒண்ணும் பார்க்கல.”

“நீங்க?”

“நானுந்தான்.”

“நீங்களா? உங்களுக்கு எதுக்கு அண்ணா அந்தத் தலையெழுத்து?”

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் சித்தூர் மிஷன் சபையில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு — அது எங்கள் வீட்டில் ஏறக்குறைய பதினோராவது கட்டளை. ஸ்காட்லாந்தில் எங்களுக்கு அறை கொடுத்த விதவை அம்மாளுக்கோ, இந்தியன் என்றால் இந்து, இந்து என்றால் மாமிசம் தொடமாட்டான். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: இரண்டு பேருக்கு என்றால் தனிப் பாத்திரத்தில் சமைப்பேன், ஒருத்தருக்காக அடுப்பில் இடம் கொடுக்க முடியாது.

நான் வாயைத் திறந்தேன். கோவிந்து என் காலை மிதித்தான்.

கப்பல் ஏறுவதற்கு முன் அவனை மலைக்கு அழைத்துப் போய், மாமிசம் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார் அவன் அப்பா. நான் கறி கேட்டால் அவனுக்குச் சமையல் இல்லை. சரி, வேறு வீடு கிடைக்கிறவரை ஒரு வாரம் பொறுத்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேறு வீடு கிடைக்கவே இல்லை!

வேகவைத்த முட்டைக்கோஸ். வேகவைத்த உருளைக்கிழங்கு. மதியத்துக்கு அந்த அம்மாளே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். தனியாக வெளியே வாங்கித் தின்ன என் உதவித்தொகை இடம் கொடுக்காது. கோவிந்துவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாடு இலவசம். பாவம், அங்கேயும் அவனுக்கு ரொட்டிதானே என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வீட்டில் கறி வறுக்கும் வாசனை மாடிப்படி ஏறி வரும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேதாகமம் வாசிப்பேன்.

அம்மா கடிதம் எழுதுவாள்: 'ஞாயித்துக்கெழமை கறி கெடைக்குதா கண்ணு?' நான் பதில் போடுவேன்: 'கர்த்தர் கிருபையால் ஒன்றும் குறைவில்லை.' எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் நாற்பது நாள் கறி கிடையாது. எனக்கு வாய்த்த லெந்து எழுநூறு நாள்.

கேட்டுக்கொண்டிருந்த பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கறி துன்ற மனுஷர் சிநேகிதனுக்காக ரெண்டு வருஷம் தாக்குப் புடிச்சாரு. பொறந்ததுலேருந்து தொடாத எம் பொண்ணு இருக்கமாட்டாளா? போய்ட்டு வரட்டும்.”

ருக்மணி ஓடிவந்து என் காலில் விழுந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தின்ற முட்டைக்கோஸெல்லாம் அன்றைக்குத்தான் செரித்தது போலிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை கோவிந்து கூட வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே நடந்தான்.

“ஏண்டா மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு வர்ற? பொண்ணுதான் போவுதே?”

“டேய் சாமுவேலு... ஆஸ்பத்திரியில மதியானச் சாப்பாடு...”

“ஆமா. இலவசம்.”

“மொதல் குளிர்காலத்துலேருந்து நான் அங்க கறி துன்னுகினு இருந்தேண்டா.”

எனக்கு வந்த கோபம்! இருபது வருஷம் கழித்து, நடுத்தெருவில், பெரிய டாக்டரை அடிக்கவா முடியும்?

“அடப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் துன்னிருப்பேனே!”

“எப்பிடிடா சொல்றது? தெனம் சாயங்காலம் எனக்காக நீ கோசு துன்னுகினு இருப்ப. உன் தட்டைப் பார்த்தா வாயே வர்ல.”

பாருங்கள்... சாமிக்குச் செய்த சத்தியத்தை மதியத்தில் மீறிவிட்டான். சிநேகிதன் எதிரில் சாயங்காலம் மீற முடியவில்லை. சாமி மன்னித்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கெல்லாம் உண்டு. முட்டைக்கோஸ் தின்றவன் மன்னிப்பான் என்று யாருக்கு நம்பிக்கை வரும்?

பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். “பேப்பர்ல வர்ற உன் பத்திய பத்மா ஒரு வாரம் படிக்காம விடமாட்டா. எழுதிடாதடா. பொண்ணு போறது நின்னுபூடும்.”

“ருக்மணி போய்ச் சேர்ற வரைக்கும் எழுத மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றி எனக்குப் பழக்கம் உண்டு.

நேற்று லண்டனிலிருந்து கடிதம் வந்தது. 'மாமா, சுகமாக வந்து சேர்ந்தேன். வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் நாள் சாப்பாட்டுக்கு வேகவைத்த முட்டைக்கோஸ். உங்களை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.'

ஆகவே, தங்கச்சி பத்மா, நீ என்னை நம்பித்தான் பெண்ணை அனுப்பினாய். என் கணக்கில் ஒரு துண்டுக் கறிகூடக் கிடையாது. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் இன்றிலிருந்து எழுநூறு நாளைக்கு முட்டைக்கோஸ் வேகவைத்துப் போடு — உப்பு வேண்டாம்.