வள்ளத்தடியில் இருவர்

மாமாவுக்கு எத்தனை பேரின் துணை போதும்? இதைக் கேட்கத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் கடலோர ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி, மீள்குடியேற்ற வீடு கிடைத்த வருடம் அது. மாமா, என் கணவரின் தகப்பன், இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். மாமி முகாமிலேயே இறந்துவிட்டார். கணவர் கடலுக்குப் போய்விட்டால் வீட்டில் நான், கைக்குழந்தை, மாமா. பின்னேரங்களில் அவர் தனியே கடற்கரையில் படகு கவிழ்த்திருக்கும் வள்ளத்தடிக்குப் போவார். தனித்திருக்கும் முதியவர்கள் சீக்கிரம் தளர்ந்துவிடுவார்கள் என்று எங்கோ வாசித்திருந்த எனக்கு அது பயமாக இருந்தது.

செபமாலை மாதத்தில் மாதாவின் சிலையான சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும்; அயலவர் அங்கே கூடிச் செபிப்போம். மாமாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, மாதம் முடிந்த பிறகும் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டிலேயே செபமாலை சொல்வோம் என்று அயலவரைக் கேட்டவள் நான்தான். வீட்டுக்கு ஆட்கள் வரும்போது மாமா எழுந்து போகமாட்டார். கதிரைகளை எடுத்துப் போடுவார், மூலையில் இருப்பார்.

"வாய் திறந்தா முத்துக் கொட்டிப்போடுமோ அண்ணை?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவரும் கொஞ்சம் சிரிப்பார்.

சில வாரங்களில் அவருடைய சாப்பாடு பாதியானது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்; நோய் எதுவும் இல்லை என்றார்கள்.

ஒரு நாள் காலையில் தாராபுரத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றார்.

"உங்கட மாமாக்குச் சுகமில்லையோ மகள்? ஒரு மாசமா வள்ளத்தடிக்கு வரேல்ல."

"நீங்கள் அவரின்ட கூட்டாளியோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன். பேர் கேட்டதில்ல. ஆளின்ட அடையாளம் சொல்லி விசாரிச்சுத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சன்."

"அப்ப ரெண்டு பேரும் என்ன கதைக்கிறனீங்கள்?"

"நாங்க கதைக்கிறேல்ல மகள். கடலைப் பாத்துக்கொண்டு இருப்பம். அவர் எழும்பினா நானும் எழும்புவன்."

உள்ளேயிருந்து மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அவரிடமிருந்து எதைப் பறித்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. செபமாலையை அடுத்த வீட்டுக்கு மாற்றினேன். சிலருக்குக் கோபம். மாமா மறுபடியும் வள்ளத்தடிக்குப் போனார்; சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சவில்லை.

இப்போது அந்தப் பெரியவர் புத்தளத்தில் இருக்கும் மகளோடு வாழப் போய்விட்டார். மாமா இன்னமும் அதே நேரத்துக்குப் போகிறார். போன கிழமை தூரத்தில் நின்று பார்த்தேன். கவிழ்த்த வள்ளத்தின் ஒரு பக்கத்தில் இருந்தார். மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. நேற்றும் பாதிச் சோறு மிஞ்சியது.

நான் போய்ப் பக்கத்தில் இருக்கலாமா? இன்னொருவரைத் தேடிக் கொடுக்கலாமா? அல்லது மறுபடியும் பிழை செய்யப்போகிறேனா? உங்கள் வீட்டிலும் இப்படிப் பேசாத ஒருவர் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.