போர்க்கப்பல் மணி

பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த என் சித்தப்பா, ஞாயிற்றுச் சந்தைகளில் பழம்பொருள் விற்றார். கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, மற்றவர்கள் குக்கரும் கம்பளியும் கொண்டுவர, அவர் மட்டும் கையடக்கமான செம்பு மணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வயிற்றில் பாய் விரித்த கப்பல். கீழே அதன் பெயர்.

"லேசில கிடைக்காது அண்ணி. பழைய போர்க்கப்பலை உடைக்கேக்க எடுத்த செம்பில செய்தது."

"சண்டை பிடிச்ச கப்பலோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், எத்தினை சண்டை!" அதைத் தானே ஓட்டியதுபோல் சித்தப்பாவுக்குப் பெருமை.

மணி முதலில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விருந்தாளிகள் போவதற்குள் டிவிக்குப் பின்னால் போய்விட்டது. மறுநாள் மாடிப்படிக்குக் கீழே கழற்றிப்போட்ட சப்பாத்துகளோடு கிடந்தது. பிறகு தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது. அப்போதும் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து கொட்டிலைப் பார்ப்பார். பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவர என்னை அனுப்புவார். மணி எழுந்து நடந்து வந்துவிடுமா என்ன என்று எனக்குச் சிரிப்பு.

ஒரு மழை நாளில் அதை உள்ளே எடுத்துவந்து பலம்கொண்ட மட்டும் ஆட்டினேன். குழைத்த மாவு ஒட்டிய கைகளோடு அம்மா ஓடிவந்தார்.

"வையடி கீழ!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கையைக்கூடக் கழுவாமல் அப்பாவின் அரத்தை எடுத்து, பின்வாசற்படியில் உட்கார்ந்து மணியை ராவத் தொடங்கினார்.

"விடுமப்பா," என்றார் அப்பா மெதுவாக. "இது வெள்ளைக்காரன்ர கப்பல்."

அம்மா நிமிரவேயில்லை. பாய்மரம் போனது, பாய் போனது, பெயரும் ஒவ்வோர் எழுத்தாக அவர் மடியில் தூளாக விழுந்தது.

அடுத்த முறை வந்த சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அண்ணி, அந்தக் கப்பலாலதானே இதுக்கு மதிப்பு!"

"கப்பல் போயிட்டுது. மணி இருக்கட்டும்," என்றார் அம்மா. அன்று பின்னேரம்தான் அவர் புது வீட்டில் முதன்முதலாகச் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அழகான பொருளைக் கெடுத்துவிட்டாரே என்று நான் நெடுநாள் அவரோடு கோபமாக இருந்தேன். மன்னாரில் அம்மாவின் அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். புயலில் போயிருப்பார் என்று நானாக நினைத்திருந்தேன். அந்தக் கடலில் போர்க்கப்பல்களும் நின்றன என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.