பத்துக்கு இரண்டு

எங்கள் சித்தப்பா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது மதுரை ஜெயிலில். தேவகோட்டைப் பக்கம் அவரைப் போல நிலையும் கதவும் இழைக்க ஆள் கிடையாது. கையெழுத்து என்றால் மட்டும் கட்டைவிரலை நீட்டுவார். வாய்க்கால் தகராறில் ஒருவரை உளியால் குத்திவிட்டு உள்ளே போயிருந்தார்.

அங்கே சாயங்காலத்தில் பள்ளிக்கூடம் நடந்ததாம். படித்த கைதி ஒருவர்தான் வாத்தியாராம். "களி திங்கப் போன எடத்துல கல்வி திங்கிறான்" என்று அப்பா கேலி செய்தார். எனக்கோ வியப்புத் தாங்கவில்லை. முப்பது வயது மனிதர், அத்தனை பெரிய மீசை வைத்தவர், என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, அதுவும் அ, ஆ எழுதுகிறார்.

அதுவரை வந்த கடிதங்கள் யாரோ எழுதிக் கொடுத்தவை. "நலம், நலமறிய அவா" என்று நான் வாசிக்க, எழுத்தறியாத சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பிறந்த வீட்டுக்கே கூட்டிப்போய்விட அவருடைய அண்ணன் இரண்டு தடவை வந்துபோயிருந்தார்.

ஒரு நாள் சித்தப்பாவே எழுதிய கடிதம் வந்தது. பென்சில் எழுத்து, பலகையில் கோடு போட்டது போல அத்தனை நேர். 'அங்குட்டு மள பேஞ்சிச்சா. தேக்குப் பலகய வெயில்ல போடாத, வெடிச்சிரும். ஒளுங்கா சாப்புடு. வந்துருவேன்.'

சித்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. "அவுக பேசுறாக" என்றார். அண்ணன் மூன்றாம் முறை வந்தபோது, "நான் வரலண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. மழைக்கு ளகரம் போட்டால் எங்கள் டீச்சர் காதைத் திருகுவார். சித்தப்பாவின் காதாவது பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், அந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் ஒன்று விடாமல் திருத்தி, கீழே பத்துக்கு இரண்டு போட்டு, பதில் கவருக்குள் வைத்து அவருக்கே அனுப்பிவிட்டேன். சித்தியிடம் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பதில் வந்தது. அதே கை, அதே நேர். 'அங்கு மழை பெய்ததா? தேக்குப் பலகைகளை வெயிலில் போட வேண்டாம், வெடித்துவிடும். ஒழுங்காகச் சாப்பிடவும். விரைவில் வந்துவிடுவேன்.' தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. ஒரே மாதத்தில் ஒரு மனிதர் இப்படி ஆக முடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உரக்க வாசித்தேன்.

சித்தி கேட்டு முடித்து, "பழையபடி வேற ஆளு எழுதிக் குடுத்துருக்காக" என்றார்.

"சித்தப்பா கையெழுத்துத்தேன் சித்தி" என்று நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அந்த முந்துன கடுதாசிய எடுத்து வாசி ஆத்தா."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு பிழைகூட இல்லாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் அழ என்ன இருக்கிறது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.